அடிக்காத சூடம்

அன்றைக்குக் காலையில் பாத்திரம் விழுந்த சத்தத்திலேயே பெத்தம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. மருமகள் பிரேமலதா வாயால் சண்டை போடுகிறவள் இல்லை. கோபம் வந்தால் குண்டான் பேசும், கரண்டி பேசும். குழாயடியில் ஒரு சட்டி ணங்கென்று கல்லில் மோதியது. அடுப்பில் கருப்பட்டிக் காப்பி பொங்கி வழிந்தது.

"தாயி... காப்பி எறக்கிட்டேன். ஒரு வாய் குடிச்சிட்டு வெளக்கு."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் அத்த. குடிச்சு என்ன செய்ய? இங்கனயே கெடந்து கருகணும்னு எழுதியிருக்கு..."

பெத்தம்மாள் காப்பியைத் தட்டால் மூடி வைத்தாள். ஒரு மாதமாகப் பதில் சொல்லிச் சொல்லி அவள் நாக்கு தேய்ந்துபோயிருந்தது.

வைகாசி பிறந்து நாலு நாள்தான். ஏழு மணி வெயிலே முதுகைத் தோலுரித்தது. பசுவந்தனைப் பக்கத்துக் கரிசல் காடு அந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்று அங்கே இருந்தவனுக்குத்தான் தெரியும். நிலம் வாயைப் பிளந்து கிடக்கும். வெடிப்பில் கோழிக்குஞ்சு விழுந்தால் தேடித்தான் எடுக்க வேண்டும். வீட்டுச் சுவரும் நிலத்தோடு சேர்ந்து விரியும். வருசா வருசம் சிமெண்டை அப்புவார்கள், வருசா வருசம் அது விரியும்.

இந்த வீட்டில் இப்போது விரிசல் விட்டிருப்பது சுவர் மட்டும் இல்லை.

பிரேமலதா ரத்தம் சோதிக்கிற படிப்புப் படித்தவள். கோவில்பட்டியில் ஒரு லேபில் வேலை. சம்பளம் பஸ்ஸுக்கும் பாப்பாவின் பாலுக்கும் சரியாகப் போய்விடும். பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கூப்பிட்டிருந்தார்கள். ஆனி பிறப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். அவள் புருசன் பாண்டிராஜ் சொந்தமாகக் குட்டியானை வண்டி வைத்துத் தீப்பெட்டிப் பண்டல் ஏற்றுகிறவன். லோடு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. அங்கே ஒரு குடோனில் அவன் வண்டிக்கும் ஓட்டம் பேசியாயிற்று. பெண்டாட்டிக்கு ஷிப்ட் வேலை, புருசனுக்கு நேரங்காலமில்லாத வேலை. மூன்று வயசுப் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பெத்தம்மாள் வர வேண்டும். மொத்தத் திட்டமும் அந்த ஒரு ஆணியில்தான் தொங்கியது.

பெத்தம்மாள் வரமாட்டேன் என்றாள்.

"ஏன் வரமாட்டேங்கே?" என்று மகன் கேட்டால், "எனக்கு ஊர விட்டு வர மனசில்லய்யா" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் வராது. அப்பன் கருத்தையாவிடம் கேட்டால் அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "ஒங்காத்தா வந்தா நானும் வாரேன். அவள்ட்ட கேளு" என்று முடித்துவிடுவார். ஆக, பழி முழுக்கப் பெத்தம்மாள் தலையில் வந்து இறங்கியது.

காப்பி ஆறுவதற்குள் மாடக்கண்ணு வந்து உட்கார்ந்தான். கருத்தையாவின் தம்பி. அடுத்த வீடுதான்.

"என்னல பாண்டி, மூட்ட கட்டியாச்சா?"

"கட்டுறதுக்கு மொதல்ல வீட்ல உத்தரவு கெடைக்கணும்லா சித்தப்பா." பாண்டிராஜ் தாயைப் பார்க்காமலே தாயைக் குத்தினான்.

கருத்தையா கம்மங்கஞ்சியில் மோரை ஊற்றிக் கலக்கினார். "வண்டிக்கு என்னல சொன்னான், அந்தப் புரோக்கரு?"

"அங்கன போனா இந்த நம்பர் ஓடாதுப்பா. கர்நாடகா நம்பர் வாங்கணும். ரோட்டு வரிய அங்கன மறுபடியும் கட்டணும். இங்கன கட்டுனதுல மிச்சம் இருந்தா எழுதிக் குடுத்துத் திருப்பி வாங்கிக்கிடலாமாம்."

"வாங்குவ... ஒம் மக பேரன் பேத்தி எடுத்த பொறவு வாங்குவ! சர்க்காரு உள்ள போட்ட துட்டு வெளிய வந்து நான் பாத்ததில்ல. அந்த சர்க்காரும் அப்படித்தான், இந்த சர்க்காரும் அப்படித்தான். பாஷதான் வேற."

"சம்பளத்துலயும் தொழில்வரின்னு மாசம் எரநூறு புடிப்பாங்களாம் மாமா" என்று குழாயடியிலிருந்து பிரேமலதாவின் குரல் வந்தது. "புடிச்சிட்டுப் போகட்டும். இங்கன நான் வாங்குற சம்பளத்தப் பாத்தா வரி போடுதவனே அழுதிருவான்."

மாடக்கண்ணு சிரித்தான். "வீட்டுக்கு அட்வான்ஸு பத்து மாச வாடக கேப்பான்லே. தண்ணியும் லாரில வந்து வெலைக்குத்தான் எறங்கும்."

"கரெண்டு எரநூறு யூனிட்டு சும்மா, சித்தப்பா. இங்கன நூறுதான். பொம்பளையளுக்கு மாசம் ரெண்டாயிரம் வேற குடுக்காங்க. அம்மாவுக்கு இங்கன ஆயிரந்தான் வருது."

"அப்படியா! மதினிக்கு அங்கன ரெட்ட வெலயாக்கும்! ஆனா ரேசன் கார்ட மாத்தி அந்தத் துட்டு கைக்கு வாரதுக்குள்ள மதினிக்குப் பல்லு பூராவும் போயிரும்."

"எல்லாத்தையும் விடுங்க சித்தப்பா. குளும ஒண்ணு போதாதா? இந்த வெயில்ல இவிய ரெண்டு பேரும் வதங்கிக் கெடக்கிறதப் பாக்க முடியல. அங்கன பொழுது சாஞ்சா மழ தூறும். ஜிலுஜிலுன்னு காத்து. வருசத்துல பாதி நாளு போர்வ இல்லாமத் தூங்க முடியாது!"

குளுமை என்ற சொல் காதில் விழுந்ததும் பெத்தம்மாளின் கண் தன்னை அறியாமல் புருசனின் நெஞ்சுக்குப் போனது. கருத்தையா சட்டென்று கஞ்சிக்குள் குனிந்துகொண்டார்.

அந்தக் கணக்கு அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

போன ஆவணியில் பெத்தம்மாளின் தங்கை மகன் இராமச்சந்திரன் பெங்களூரில் புது வீட்டில் பால் காய்ச்சினான். கிழவனும் கிழவியும் போயிருந்தார்கள். போன நாளிலிருந்து தூறல், ஈரக்காற்று. மூன்றாம் நாள் விடியற்காலம் பெத்தம்மாள் கண் விழித்தால், கருத்தையா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கரையில் போட்ட மீன் மாதிரி வாய் திறந்து மூடுகிறது. நெஞ்சுக்குள் விசில் ஊதுகிறது. இராமச்சந்திரன் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். மூக்கில் மாட்டிப் புகை மாதிரி மருந்து கொடுத்தார்கள். டாக்டர் பிள்ளை தமிழிலேயே சொன்னான்: "குளிரும் ஈரமும் இவருக்கு ஆகாதும்மா. காஞ்ச ஊர்க்காரர், காஞ்ச ஊர்லயே இருக்கட்டும். இங்க குடிவந்தா மாசத்துல பாதி நாள் இங்கதான் படுத்திருப்பார்."

திரும்பி வரும்போது ரயில் சாத்தூரைத் தாண்டியது. சூடான காற்று முகத்தில் அடிக்கவும் கருத்தையாவின் மூச்சு சமனப்பட்டது. உடனே வீம்பும் திரும்பி வந்துவிட்டது. பெத்தம்மாளின் கையை இழுத்துத் தன் தலையில் வைத்தார்.

"சத்தியம் பண்ணு. இது பயலுக்குத் தெரியக் கூடாது. இராமச்சந்திரன்ட்டயும் சொல்லி வச்சிட்டேன். பெங்களூரு, பெங்களூருன்னு அவன் இப்பத்தான் ஒரு வழி தேடுதான். அப்பனுக்கு மூச்சு முட்டுதுன்னு தெரிஞ்சா போகமாட்டான். அவன் கால்ல கெட்டுன கல்லா நான் இருக்கமாட்டேன். கருத்தையாவுக்கு நெஞ்சு போச்சுன்னு ஊருல ஒரு பய சொல்லவும் கூடாது. நீ வாயத் தொறந்தா எந் தல வெடிக்கட்டும்!"

புருசன் தலைமேல் வைத்த கை. அதை மீறி எந்தப் பொம்பளை பேசுவாள்?

அவரை இங்கே தனியாக விட்டுவிட்டு அவள் மட்டும் போகவும் முடியாது. ராத்திரி மூச்சு முட்டினால் முதுகைத் தடவ ஒரு கை வேண்டும். அவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. ஆம்பளை வீம்பு பிடிப்பான். அதற்கு வரி பொம்பளை கட்ட வேண்டும். எந்த மாநிலத்துக்குப் போனாலும் அந்த வரியில் ஒரு காசு குறையாது.

பிரேமலதா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அத்த, இன்னைக்கு நேராவே கேக்குதேன். நான் சம்பாதிச்சுப் போட்டு அதுல நீங்க ஒரு வாய் சாப்பிடணுமேன்னு வீம்பு. அதான?"

"அய்யோ தாயி! அப்படிச் சொல்லாத..."

"பின்ன வேற என்ன? பாப்பாவ அங்கன ஒரு எடத்துல விட்டுட்டு வேலைக்குப் போனா என் சம்பளத்துல பாதிய அவிய கேக்காங்க. எங்கம்மாவக் கூப்பிட்டா, மருமகன் வீட்டுச் சோத்துல கை நனைச்சா ஊரு சிரிக்கும்னு அவ ஒரு பக்கம்! நீங்க ஒரு பக்கம்! நான் படிச்ச படிப்ப இந்தக் கரிசல்ல குழி தோண்டிப் பொதச்சிருங்க..." பிரேமலதா கை துடைத்த துணியை மூலையில் எறிந்தாள். "நாலு வருசமா ஒங்கள எங்கம்மாவா நெனச்சேன். நீங்க மாமியாராவே இருந்திட்டீங்க அத்த!"

பெத்தம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கருத்தையா கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். கலக்க ஒன்றும் மிச்சமில்லை, ஆனாலும் கலக்கினார்.

பாண்டிராஜ் எழுந்தான். "எம்மா... நான் படிக்கணும்னு தீப்பெட்டி ஆபீஸுல லேபிள் ஒட்டுன. பச ஒட்டி வெரலெல்லாம் தோலு உரிஞ்சு போயிருக்கும். அந்தக் கையாலதான் எனக்குச் சோறு ஊட்டுன. அந்தக் கை இன்னைக்கு ஏம்மா எனக்குக் குறுக்க நிக்குது?"

"எனக்கு ஊர விட்டு வர மனசில்லய்யா... அம்புட்டுத்தான்."

"அம்புட்டுத்தானா? வேற காரணம் ஒண்ணுமே இல்ல?"

"அதான் சொல்லிட்டேன்லய்யா..."

"அப்ப சூடம் அடி!"

மாடக்கண்ணு பதறிப்போனான். "ஏலே, பெத்தவள்ட்ட பேசுற பேச்சால இது? உக்காருல!"

பாண்டிராஜ் கேட்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் இருந்த வெங்கலத் தட்டை எடுத்து, ஒரு கட்டிச் சூடத்தை வைத்துக் கொளுத்தித் தாயின் முன்னால் தரையில் வைத்தான்.

அந்தப் பக்கத்து ஊர்களில் சூடம் அடித்துவிட்டால் வழக்கு முடிந்தது. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து ஒருத்தர் ஒரு சொல் சொன்னால், அதற்கப்புறம் ஒருவனும் கேள்வி கேட்கமாட்டான். ஆடு திருடினவன்கூட பொய்ச் சூடம் அடிக்க நடுங்குவான். பொய்யாக அடித்தால் அடித்தவனுக்கு ஒன்றும் வராது, அவன் பெற்ற பிள்ளையைத்தான் தொடும் என்பார்கள்.

பெத்தம்மாள் தீயைப் பார்த்தாள். வேறு காரணம் இல்லை என்று அடித்தால் அது பொய். மகன் தலைக்கு வரும். காரணம் இன்னது என்று வாய் திறந்தால் புருசன் தலைக்கு வரும். பழி சுமப்பது அவளுக்குப் பெரிதில்லை. முப்பத்தைந்து வருசமாகச் சுமந்த தலைதான். ஆனால் இது பழி இல்லையே... பெற்ற பிள்ளையின் உயிர் ஆயிற்றே!

கை பாதி தூரம் போனது. திரும்பி வந்துவிட்டது.

"என்னால முடியாதுய்யா..." என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்னைய என்ன வேணும்னாலும் நெனச்சுக்கோ. வஞ்சகின்னு சொல்லு, மாமியார்க்காரின்னு சொல்லு. இத மட்டும் செய்யச் சொல்லாத. ஒன்னயக் கும்பிட்டுக் கேக்கேன்..."

"பாத்தீங்களா சித்தப்பா!" பாண்டிராஜின் குரல் உடைந்தது. "இருக்கு! மனசுக்குள்ள எங்க மேல என்னமோ வச்சிருக்கு. ஏட்டி பிரேமா, பாப்பாவத் தூக்கு. எட்டயபுரத்துல ஒங்கம்மா வீட்டுக்குப் போவோம். பெங்களூரு போனா போறோம், போகாட்டா ரோட்டுல கெடக்கோம். இனிமே இந்த வாசல்ல எங்காலு படாது. இவ செத்தாக்கூட..."

"ஏலே!"

கருத்தையா எப்போது எழுந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. கஞ்சிச் சட்டி உருண்டு தரையெல்லாம் மோர் ஓடியது. இரண்டே எட்டில் வந்தவர் குனிந்து, கொழுந்துவிட்டு எரிந்த சூடத்தின் மேல் தன் உள்ளங்கையை ஓங்கி அடித்தார்.

"நான் அடிக்கேன்ல சூடம்! கேட்டுக்கோ. ஒங்காத்தா வஞ்சகி இல்ல. நான்தான்... நான்தாம்ல அவ வாயப் பூட்டி..."

மேலே பேச முடியவில்லை. அணைந்த சூடத்தின் புகை நேராக அவர் முகத்தில் ஏறியது. ஒரு இருமல். அப்புறம் இன்னொன்று. அப்புறம் ஆவணி மாதத்து விசில் சத்தம் நெஞ்சுக்குள்ளிருந்து வீடு முழுக்கக் கேட்டது. கண் பிதுங்கிச் சுவரைத் தேடினார்.

பெத்தம்மாள் பாய்ந்து போய்த் தன் தோளில் அவரைச் சாய்த்துக்கொண்டாள். கை தானாக முதுகில் ஏறி இறங்கியது. பல நாள் பழகின கை.

"மாமா! நிமுந்து உக்காருங்க! படுக்கக் கூடாது!" பிரேமலதா ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். "தட்ட வெளிய தூக்கிப் போடுங்க, நிக்காதீங்க! மாடக்கண்ணு மாமா, ஆட்டோவக் கூப்பிடுங்க!" பிறகு மாமியாரின் கையைப் பார்த்தாள். அது புருசனின் முதுகில் எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு போய்வந்தது. "எத்தன நாளா அத்த இது?"

பெத்தம்மாள் வாய் திறக்கவில்லை. அப்போதும் திறக்கவில்லை.

கொஞ்சம் மூச்சு வந்ததும் கருத்தையாதான் சொன்னார், துண்டு துண்டாக. "போன ஆவணி... பெங்களூருல... குளுரு எனக்கு எமன்னு சொல்லிட்டான் டாக்டரு. சொல்லாதன்னு எந்தலமேல இவ கைய வச்சுச் சத்தியம் வாங்குனேன். நீ போகாம நின்னுருவியேன்னு... ஒங்காத்தா பொய்யும் சொல்லல, நெசமும் சொல்லல. பொய்ச் சூடம் அடிச்சா ஒனக்கு ஆகாதுன்னுதாம்ல கைய எடுத்தா, கோட்டிக்காரப் பயல!"

பாண்டிராஜ் நின்ற இடத்திலேயே மடங்கி உட்கார்ந்தான். தாயின் பாதத்தில் தலையை முட்டினான். "எம்மா... என்ன சொல்லிட்டேம்மா! செத்தாக்கூடன்னு இந்த நாக்கு சொல்லிருச்சே! என்னைய அடிம்மா... ரெண்டு அடி அடிச்சிரும்மா!"

"எந்திரிய்யா. தரையெல்லாம் மோரு."

பிரேமலதா அவளைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். "மாமியாராவே இருந்திட்டீங்கன்னு சொன்னனே அத்த... எங்கம்மாகூட இம்புட்டுத் தாங்கியிருக்க மாட்டா!" பெத்தம்மாள் மருமகளின் தலையைத் தடவிக் கொடுத்தாள். அழுகை வரவில்லை. அசதியாகத்தான் இருந்தது. பெரிய பாரத்தை இறக்கி வைத்த கழுத்து உடனே நிமிராது.

சாயங்காலம், கோவில்பட்டி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினபோது பாண்டிராஜ் சொன்னான்: "பெங்களூரு வேண்டாம்மா. விட்ருவோம்."

அப்போதுதான் பெத்தம்மாள் சத்தம் போட்டாள். அவள் சத்தத்தை அந்த வீடு அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"போகணும்! நான் இத்தன நாளு வாங்கின ஏச்செல்லாம் நீங்க இங்கனயே உக்காருததுக்கா? ஒங்கப்பன் மறைச்சதும் நீ போகத்தான, நான் வாயத் தொறக்காம நின்னதும் நீ போகத்தான. போகாட்டா எல்லாம் வீணாப் போகும். பாப்பாவுக்கு ஆளு நான் பாக்கேன்."

மறுநாள் காலையில் எட்டயபுரம் பஸ் ஏறினாள். கையில் வெற்றிலையும் பாக்கும் ஒரு சீப்புப் பழமும். பிரேமலதாவின் தாய் பாண்டியம்மாள் ஒற்றை ஆள். புருசன் போய்ச் சேர்ந்து ஆறு வருசம் ஆகிறது.

"பொண்ணு குடுத்த வீட்ல போய் நான் எப்படி மதினி தங்குறது?" என்றாள் பாண்டியம்மாள்.

"பையனப் பெத்தவ நானே வெத்தல வச்சு அழைக்கேன். இனிமே எந்த நாக்கு பேசும்? பேசுனா எங்கிட்ட அனுப்புங்க."

பாண்டியம்மாள் வெற்றிலையைப் பார்த்தாள். அப்புறம் பெத்தம்மாளின் முகத்தைப் பார்த்தாள். "பேத்திய மடியில போட்டு வளக்க ஒங்களுக்கு ஆச இல்லையா மதினி? அந்தக் குடுப்பினையத் தூக்கி எங்கையில குடுக்கீகளே..."

"ஆசைக்கென்ன மதினி, அது கெடக்கு." பெத்தம்மாள் வெற்றிலைத் தட்டை அவள் பக்கம் தள்ளினாள். "பாப்பாவுக்குப் பருப்புச் சோறுன்னா ரசம் ஊத்தப்படாது. தூங்குறப்போ காதப் புடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவா. புடிக்க விடுங்க. அம்புட்டுத்தான் நான் சொல்லுறது."

வைகாசிக் கடைசியில் குட்டியானையில் சாமான் ஏறியது. பிரேமலதா மாமனாருக்கு வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்துப் பம்ப்பை வாங்கி வைத்து, எப்படி அழுத்த வேண்டும் என்று மாமியாருக்கு நாலு தடவை செய்து காட்டினாள். "பங்குனி சித்திரைல அங்கன அவ்வளவு குளிரு இருக்காது அத்த. டாக்டர்ட்ட கேட்டுட்டு நானே வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன்."

"வரியக் கட்டுனா ரசீத கையில வாங்குல" என்றார் கருத்தையா. "அவன் வாயால சொன்னா நம்பாத. எவன் சொன்னாலும் நம்பாத." பாண்டிராஜ் காலில் விழுந்தபோது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பாப்பா பாண்டியம்மாளின் இடுப்பில் இருந்தபடியே கையாட்டிக்கொண்டு போனது. வண்டி திரும்பிப் புழுதி அடங்குகிறவரை பெத்தம்மாள் வாசலில் நின்றாள். பிறகு உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். அடுப்பு மூட்டத் தோன்றவில்லை. குழாயடியில் பாத்திரச் சத்தம் இல்லை. வீடு காது அடைத்த மாதிரி இருந்தது.

அடுப்படியில் ஏதோ உருண்டது. கருத்தையா கும்பாவில் கஞ்சியைக் கொண்டுவந்து அவள் முன்னால் நீட்டினார். கும்பாவைப் பிடித்திருந்த உள்ளங்கையில் சூடம் சுட்ட வடு வட்டமாகக் கறுத்துக் கிடந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட மொண்டு கொடுத்ததில்லை.

"குடி."

"ஒங்களுக்கு?"

"மொதல்ல நீ குடிட்டி."

பெத்தம்மாள் இரண்டு கையாலும் வாங்கினாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல் ஒரு மடக்குக் குடித்தாள்.

"உப்பு கூடப் போச்சு" என்றாள்.

"நான் உப்பே போடலியேட்டி" என்றார் கருத்தையா.